பின் இருக்கைக்கு யார் பொறுப்பு? காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். இரு சக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருபவரின் காப்பீட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கணினி மையம் வைத்திருக்கிறேன். பட்டா நகல், சாதிச் சான்றிதழ், மின்கட்டணம், ரயில் டிக்கெட் என்று எது வந்தாலும் செய்து கொடுப்பேன். இரு சக்கர வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் புதுப்பித்துக் கொடுப்பதும் இந்தப் பட்டியலில் சேர்த்தி. புறவழிச் சாலையில் இன்று வண்டிச் சோதனை உண்டா இல்லையா என்பதை என் கடை வாசலைப் பார்த்தே சொல்லிவிடலாம். சோதனை இருந்தால் பத்துப் பேர் நிற்பார்கள். இல்லாவிட்டால் நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓட்டுவது டி.வி.எஸ். எக்ஸ்எல். கால் வைக்கும் இடத்தில் தக்காளிப் பெட்டி ஒன்று, பின்னால் முருங்கைக்காய்க் கட்டு, கட்டு இல்லாத நாட்களில் அந்த இடத்தில் மனைவி. இவர்கள் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி நூறு ரூபாய்க்குப் போடச் சொல்பவர்கள். மாதக் கடைசியில் அது ஐம்பதாகும். டேங்க் நிறையப் போடு என்று சொல்லிய ஒருவரை நான் பார்த்ததில்லை. இவர்களிடம்தான் ஓர் ஆண்டுக் காப்பீட்டுத் தொகையை ஒரே தவணையில் வாங்குகிறோம். நீங்கள் சட்டப்படி, நான் கூலிக்கு.

2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணம் எனக்கு மனப்பாடம். 75 சிசி வரை 538 ரூபாய். அதற்கு மேல் 150 சிசி வரை 714 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக எக்ஸ்எல் 100 வைத்திருப்பவர் மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக்கு, அதாவது தன் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீட்டுக்கு மட்டும் 842 ரூபாய் 52 காசு கட்ட வேண்டும். கட்டணத்தை அறிவிப்பது சாலைப் போக்குவரத்து அமைச்சகம் என்பது தெரியும். உங்களோடு கலந்துதான் அறிவிக்கிறார்கள் என்பதும் தெரியும். அங்கே எழுதினால் இங்கே கை காட்டுவார்கள் என்பதால் முதலில் உங்களுக்கே எழுதுகிறேன்.

அந்த 538 ரூபாய்ப் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி. அது அந்தப் பிரிவில் அடங்கியது. இப்போது வருகிற எக்ஸ்எல் 100, 99.7 சிசி. வண்டி அதேதான், சுமை அதேதான், வேகமும் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் கல்லூரிப் பையன் முறுக்கிக்கொண்டு போகும் 149 சிசி மோட்டார் சைக்கிளோடு ஒரே வரிசையில் நிறுத்திவிட்டீர்கள். எங்கள் ஊர்க் கடைகளில் இன்று புதிதாக விற்கும் பெட்ரோல் வண்டிகளில் 75 சிசிக்குள் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. யாரும் வாங்க முடியாத பொருளுக்கு விலை குறைத்து வைத்திருப்பதுபோல அந்த 538 பட்டியலின் உச்சியில் நிற்கிறது. அதே 2022 அறிவிப்பில், பழம்பெரும் கார் என்று பதிவு செய்யப்பட்ட கார்களுக்குக் கட்டணத்தில் 50 சதவீதம் தள்ளுபடி இருக்கிறது. அவை எப்போதாவது ஊர்வலம் போகிற வண்டிகள், ஆகவே விபத்து குறைவு, காரணம் புரிகிறது. முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகிற வண்டிக்கும் அப்படி ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா என்பதுதான் என் கேள்வி.

இதையெல்லாம் குறையாகச் சொல்கிறேனே தவிர, மூன்றாம் தரப்புக் காப்பீடே வேண்டாம் என்பவன் அல்ல நான். எக்ஸ்எல்லில் போகிறவர் தெரியாமல் ஒரு ஆளை மோதி, அந்த ஆள் இறந்துவிட்டால், தீர்ப்பாயம் விதிக்கிற தொகை பத்து லட்சமானாலும் ஐம்பது லட்சமானாலும் நிறுவனம் கொடுக்கிறது. அதற்கு உச்சவரம்பு கிடையாது. 842 ரூபாய்க்கு இது பெரிய காரியம். காப்பீடு இல்லாத வண்டி மோதிச் செத்தவரின் குடும்பமும், மோதியவரின் குடும்பமும் ஒரே வழக்கில் சேர்ந்து அழிவதை எங்கள் பக்கத்திலேயே கண்டிருக்கிறோம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் இல்லாமல் முதல் முறை பிடிபட்டால் அபராதம் 2,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 4,000. அது இருந்தும் நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் காப்பீடு இல்லாமல் ஓடுகின்றன என்று நாடாளுமன்ற நிலைக்குழு வரை பேசியாயிற்று. ஒருமுறை ஒருவர் தம் பழைய பாலிசியின் தேதியை மட்டும் கணினியில் மாற்றிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் ஐம்பது ரூபாயை நீட்டினார். போலீஸ்காரர் கையில் இருக்கும் கருவியில் வண்டி எண்ணைத் தட்டினால் உண்மை தெரிந்துவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அன்று அவரிடம் இருந்தது அந்த ஐம்பது ரூபாய்தான்.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதில் என் பங்கும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் உங்களைக் கேட்பது நியாயமாகாது.

போன ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை. சந்தையில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் வாரக் கூலியோடு நேராக என் கடைக்கு வந்தார். அவர் மனைவியும் அதே சந்தையில் தக்காளி தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவர். விடிவதற்கு முன்பே இருவரும் ஒரே வண்டியில் வந்துவிடுவார்கள். வண்டிக்குப் பதினொரு வயது. "முழு இன்சூரன்ஸாகவே போட்டுவிடு, தம்பி" என்றார். நான் பார்க்கிற இணையதளங்களில் அத்தனை வயதான வண்டிக்கு அந்த வாய்ப்பே திறக்கவில்லை. மூன்றாம் தரப்பு மட்டும்தான் வந்தது. சரி, அதையே போடு என்றார்.

அடுத்த பக்கத்தில் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் சொன்னதை வைத்து 2018இல் நீங்கள் 15 லட்சமாக உயர்த்தினீர்களே, அது. அதற்கு முன் இரு சக்கர வண்டிக்கு அது வெறும் ஒரு லட்சம்தான். நல்ல காரியம்தான் செய்தீர்கள். ஆனால் அதையும் சேர்த்தால் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. அண்ணன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அதைத் தவிர்க்க வேண்டுமென்றால் திரையில் ஒரு கட்டத்தில் குறி போட வேண்டும். தமக்கு ஏற்கெனவே 15 லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு இருப்பதாக உரிமையாளர் உறுதி கூறும் கட்டம். பதினைந்தாயிரம் ரூபாயை மொத்தமாகப் பார்த்திராத மனிதருக்காக நான் அந்தக் குறியைப் போட்டேன். அவரிடம் படித்துக் காட்டவில்லை. ஒரு நொடி வேலை. இதுவரை எத்தனை பேருக்கு அப்படிப் போட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. தாளை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்து, "இனிக் கவலை இல்லை, அண்ணே" என்றும் சொன்னேன்.

கார்த்திகையில், தூறல் விழுந்த ஒரு விடியற்காலை, தாராபுரம் சாலையில் நாய் ஒன்று குறுக்கே ஓடியது. அண்ணன் பிரேக் பிடித்தார். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் பார்த்துக்கொண்டது. பிறகு அரசு மருத்துவமனையிலேயே கம்பி வைத்து அனுப்பினார்கள். சிகிச்சைக்குப் பெரிதாகச் செலவில்லை. ஆனால் நின்றுகொண்டே தக்காளி பிரிக்கிற வேலைக்கு அவர் திரும்ப ஐந்து மாதம் ஆனது. ஐந்து மாதக் கூலி போயிற்று. துணைக்கு இருந்த நாட்களில் அண்ணனின் கூலியும் போயிற்று.

அண்ணன் அந்தப் பிளாஸ்டிக் உறையை அப்படியே எடுத்துக்கொண்டு வந்தார். உறையின் ஓரம்கூடக் கசங்கவில்லை. அத்தனை பத்திரமாக வைத்திருந்தார். "நீ போட்டுக் கொடுத்ததுதானே தம்பி, இதில் எங்கே எழுதிக் கேட்க வேண்டும்?" என்றார். நிறுவனத்தின் இலவச எண்ணுக்கு நானே பேசினேன். எதிரே வந்த வாகனத்தின் எண்ணைக் கேட்டார்கள். வாகனம் இல்லை, நாய் என்றேன். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு பணிவாகவே சொன்னார்கள், இந்தப் பாலிசியில் பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் இல்லை என்று.

அன்று இரவுதான் உட்கார்ந்து படித்தேன். பதினோரு வருடமாக விற்கிற பொருளை அன்றுதான் படித்தேன் என்று சொல்வது வெட்கம்தான். மூன்றாம் தரப்புக்கு மட்டுமான பாலிசியில், கூலி ஏதும் கொடுக்காமல் இரு சக்கர வண்டியின் பின்னால் உட்கார்ந்து வருபவர் மூன்றாம் தரப்பில் சேரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006லேயே சொல்லியிருக்கிறது. முழு பாலிசியில் அவர் உண்டு. அதைக்கூடச் சில நிறுவனங்கள் மறுக்கப்போய், 2009 நவம்பரில் உங்கள் ஆணையமே சுற்றறிக்கை விட்டுத் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. அப்படியானால் நிலைமை இதுதான்: புது வண்டிக்காரரின் மனைவிக்குக் காப்பீடு உண்டு, பழைய வண்டிக்காரரின் மனைவிக்கு இல்லை. சாலை ஓரம் நின்றிருந்த ஒரு பெண்மணி மீது அண்ணன் மோதியிருந்தால் நிறுவனம் வரம்பில்லாமல் கொடுத்திருக்கும். அக்கா வண்டி மேலேயே உட்கார்ந்திருந்ததால் ஒரு காசும் கிடையாது. அக்கா இழப்பீடு கேட்டே ஆக வேண்டும் என்றால் கணவர் மீது வழக்குப் போடலாம். வென்றாலும் அந்தப் பணம் வர வேண்டியது அதே சட்டைப் பையிலிருந்து.

நான் குறி போட்டுத் தவிர்த்த அந்தத் தனிநபர் விபத்துக் காப்பீட்டை எடுத்திருந்தாலும் அக்காவுக்கு உதவியிருக்காது. அது வண்டியின் பதிவு பெற்ற உரிமையாளர் தாமே ஓட்டும்போது அவருக்கு மட்டும். அதிலும் இறந்தால் முழுத் தொகை, ஒரு கையோ காலோ கண்ணோ போனால் பாதி. எலும்பு முறிந்து ஐந்து மாதம் கிடந்தால் அதற்கு அட்டவணையில் இடம் இல்லை. எங்கள் பக்கத்து விபத்துகளில் பெரும்பாலானவை இந்த ஐந்து மாத வகைதான்.

விலை கட்டாது என்று சொல்வீர்களானால் உங்கள் கண் முன்னால் இருக்கிற ஒரு திட்டத்தைக் காட்டுகிறேன். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் வங்கிக் கணக்கில் பிடித்துக்கொண்டு விபத்து மரணத்துக்கு 2 லட்சம் கொடுக்கிறார்கள். 18 முதல் 70 வயது வரை யாரும் சேரலாம். பன்னிரண்டு ரூபாயாக இருந்ததை 2022இல் இருபதாக்கினார்கள், அப்போதும் இருபதுதான். எல்லா வகை விபத்துக்கும் அந்த விலையில் ஒரு தொகை கொடுக்க முடிகிறபோது, பின் இருக்கையில் வருபவருக்கு என்று கட்டாயக் காப்பீட்டுக்குள்ளேயே ஒரு சின்னத் தொகையை, எலும்பு முறிவுக்கும் சேர்த்து வைக்க எவ்வளவு கூடும்? ஐம்பது ரூபாயா, நூறா? கணக்குப் போடுகிறவர்கள் உங்களிடம் இருக்கிறார்கள். போட்டு விலையைச் சொல்லுங்கள். நாங்கள் கொடுப்போமா மாட்டோமா என்பதைப் பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு நான் என் வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும், முதலில் வங்கிக்குப் போய் வீட்டு அம்மாவின் பெயரில் அந்த இருபது ரூபாயைக் கட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்சூரன்ஸ் விற்கிறவன் வேறு கடைக்கு வழி காட்டுவது விசித்திரம்தான்.

நூறு ரூபாய் கூடினால் மக்கள் தாங்குவார்களா என்று நீங்கள் கேட்கலாம். தாங்குவதற்கு வழி அந்த 842 ரூபாய்க்குள்ளேயே இருக்கிறது. அதில் 128 ரூபாய் 52 காசு வரி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. 350 சிசி வரையிலான வண்டிகளுக்கே 28 சதவீதத்தை 18 ஆக்கினார்கள். விரும்பினால் எடுக்கலாம் என்கிற காப்பீட்டுக்கு வரி இல்லை, எடுக்காவிட்டால் அபராதம் என்கிற காப்பீட்டுக்கு 18 சதவீதம். வரியைக் குறைப்பது உங்கள் கையில் இல்லை, ஜி.எஸ்.டி. மன்றத்தின் கையில் இருக்கிறது. ஆனால் மன்றத்துக்கு நான் எழுதுவதும் நீங்கள் எழுதுவதும் ஒன்றா? அந்த 128 ரூபாயை விட்டுக்கொடுத்தால் அதே 842 ரூபாய்க்குள் பின் இருக்கையையும் சேர்த்துவிடலாம் என்பது என் எளிய கணக்கு. பிழை இருந்தால் திருத்துங்கள்.

புது வண்டி வாங்குகிறவர் கதை வேறு மாதிரி. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் சாலை விபத்துகளைக் கண்டு மனம் நொந்து போட்ட பொதுநல வழக்கில்தான், 2018 செப்டம்பர் 1 முதல் புது இரு சக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை ஒரே தடவையில் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஐந்து வருடம் யாரும் விட்டுவிட முடியாது. ஆனால் 150 சிசி வரை அதற்கு நீங்கள் வைத்த கட்டணம் 3,851 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 714ஐ ஐந்தால் பெருக்கினால் 3,570. மொத்தமாக முன்பணம் கொடுத்தால் மளிகைக் கடைக்காரர்கூடக் குறைத்துக்கொள்வார். இங்கே 281 ரூபாய் கூடுகிறது. இழப்பீட்டுத் தொகைகள் வருடாவருடம் ஏறும் என்று நீங்கள் காரணம் சொல்லலாம். ஆனால் வாங்குகிறவர் அதை ரொக்கமாகக் கொடுப்பதில்லை. வரியோடு 4,544 ரூபாய் ஆகிற அந்தத் தொகை, சாலை வரியோடு சேர்ந்து கடனுக்குள் போய்விடுகிறது. கடைக்காரர் பன்னிரண்டு சதவீதம் வட்டி என்பார். அது முதல் நாள் தொகைக்கே கடைசி வரை போடுகிற வட்டி. 70,000 ரூபாய் வாங்கி மூன்று வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 2,644 ரூபாய் வரும். குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்கிட்டுப் பாருங்கள், 21 சதவீதத்தைத் தொடும். ஐந்தாம் வருடத்துக் காப்பீட்டுக்கு முதல் வருடத்திலேயே அந்த வட்டியைக் கட்டுகிறார். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் வரையிலான வண்டிக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அதற்கு மேல் 12. அது தனிக் கதை, அதற்கு வேறு மடல் எழுத வேண்டும்.

ஆகவே ஆண்டுக் காப்பீட்டையாவது மாதத் தவணையில் வாங்க வழி செய்யுங்கள். பணம் கைக்கு வந்த பிறகுதான் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. தெரியும். ஒரு மாதத்துப் பணத்தை முன்னால் வாங்கிக்கொண்டு ஒரு மாதத்துக்குப் பொறுப்பேற்றால் அந்தப் பிரிவு கோபித்துக்கொள்ளாது. மாதம் 70 ரூபாய் சொச்சம். பெட்ரோலை ஐம்பதுக்கும் நூறுக்கும் வாங்குகிறவருக்கு அது பழக்கப்பட்ட அளவு. இடையில் கட்டாமல் விட்டுவிடுவார்களே என்று கேட்டால், சிலர் விடுவார்கள்தான். இப்போது பாதிப் பேர் முழுதாகவே விட்டிருக்கிறார்களே.

இன்னொன்று காசு செலவில்லாத வேலை. பாலிசியின் முதல் பக்கத்தில், தமிழில், கண்ணாடி இல்லாமல் படிக்கிற எழுத்தில் இரண்டு வரி அச்சடிக்கச் சொல்லுங்கள்: இந்தக் காப்பீட்டில் ஓட்டுபவருக்கு ஒன்றும் இல்லை, பின்னால் வருபவருக்கு ஒன்றும் இல்லை. மருத்துவக் காப்பீட்டுக்குத் தகவல் தாளை வாடிக்கையாளர் கேட்டால் அவர் மொழியில் தர வேண்டும் என்று நீங்கள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறீர்கள். வண்டிக்காரர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம், கேட்காமலே கொடுங்கள். 15 லட்சம் இருப்பதாகக் குறி போடும் அந்தக் கட்டத்தையும் கவனியுங்கள். உரிமையாளரின் கைபேசிக்கு, தமிழில், ஒரு கேள்வியாக அது போகட்டும். என்னைப் போன்றவன் கை அதன் மேல் பட முடியாதபடி செய்யுங்கள். இதை நானே கேட்கிறேன் என்றால் எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

அக்கா இப்போது சந்தைக்கு வருகிறார். ஒரு காலைச் சற்றுச் சாய்த்துத்தான் நடக்கிறார். வண்டியில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரும்படி மருத்துவர் சொன்னாராம். புடவையோடு அது முடியவில்லை, ஆகவே பழையபடி ஒரு பக்கமாகவே உட்கார்ந்து வருகிறார்.

அந்த அண்ணனின் பாலிசி வருகிற ஆவணியில் முடிகிறது. ஒரு சனிக்கிழமை வாரக் கூலியோடு வருவார். 850 ரூபாயை எண்ணி மேசையில் வைத்துவிட்டு, "இந்த முறை அவளுக்கும் சேர்த்துப் போட்டுவிடு, தம்பி" என்பார். இன்று காலைகூட எல்லாத் தளங்களையும் திறந்து பார்த்துவிட்டேன். அவர் வண்டிக்கு வருகிற பக்கத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. ஆவணிக்கு முன்னால் உங்களிடமிருந்து பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் பக்கத்தில் கணினி மையம் நடத்துபவன்